கடை டென்ஷன் வீட்டுக்கும் வருதா? நாலு பேர் போதும்!

தாம்பரத்துல கடையோ, குரோம்பேட்டையில பட்டறையோ நடத்துறீங்களா? ஷட்டரை இறக்கினாலும் கடன் கவலை கூடவே வீட்டுக்கு வந்துடும். பல தம்பதிகளின் சண்டை ஆரம்பிப்பதே அங்கேதான்.

1987-ல் தொடங்கி, இப்போது சென்னையிலும் இயங்கும் தொழில்முனைவோர் அமைப்பு ‘ஆந்த்ரபிரனர்ஸ் ஆர்கனைசேஷன்’. இதன் உறுப்பினர்கள் சிறு குழுக்களாக மாதந்தோறும் கூடி, தொழிலோடு குடும்பத்தையும் பேசுகிறார்கள். அட்வைஸ் கிடையாது, சொந்த அனுபவம் மட்டும். பேசியது வெளியே போகாது.

அதில் சேர பெரிய விற்றுமுதல் தேவை. ஆனால், அந்த முறையைப் பின்பற்ற, போட்டியாளர் அல்லாத நாலு வியாபாரிகள் போதும். விற்பனை இலக்குக்குப் பக்கத்திலேயே, ‘வாரம் 2 நாள் இரவு 8 மணிக்கு வீட்டில்’ என்றும் எழுதுங்க. அடுத்த மாதம் குழு கணக்கு கேட்கும்.

ஒன்று மட்டும்... நகையை அடகு வைக்கும் முடிவை குழுவுக்கு முன்னாடி வீட்டில் பேசிடுங்க!