காத்து நின்ற காலம்: சிங்கப்பூர் பஸ் வரலாற்றில் ஒரு பகுதி

சிங்கப்பூர்ப் போக்குவரத்தைப் பற்றி எழுதுவோர் வண்டிகளையும் பாதைகளையும் விரித்துரைப்பர். பஸ் நிறுத்தத்தில் நின்றவனைப் பற்றிக் கூறுவோர் சிலரே. நேரம் தவறினால் கூலி குறையும் தொழிலாளிக்கோ அதுவே முதற் செய்தி.

1920-களில் ஏழு பேர் அமரும் சிறு வண்டிகள் தெருக்களில் திரிந்தன. மக்கள் அவற்றைக் 'கொசு பஸ்' என்றனர். கை காட்டிய இடத்தில் நிற்கும். கால அட்டவணை என்ற பேச்சே கிடையாது. 1925-இல் தோன்றிய சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி மறு ஆண்டே மின்கம்பி பஸ்களை ஓட்டியது. கொசு பஸ்காரர்கள் பின்னர் ஒன்றுகூடிச் சீனர் பஸ் கம்பெனிகளாயினர். கம்பெனிக்குக் கம்பெனி பாதை வேறு, டிக்கெட் வேறு. ஒன்றின் எல்லையில் இறங்கி மற்றொன்றில் ஏறுபவன் மறுபடியும் காசு கொடுக்கவேண்டும். மறுபடியும் காத்து நிற்கவேண்டும்.

1955 மே மாதம் ஹாக் லீ பஸ் தொழிலாளர் போராட்டம் கலவரமாகி நால்வர் உயிரிழந்தனர். கம்பெனிகளை அரசே ஏற்கலாம் என்று 1956-இல் ஹாக்கின்ஸ் அறிக்கை பரிந்துரைத்தது. அது ஏட்டளவில் நின்றுவிட்டது. 1971 ஏப்ரலில்தான் பத்துச் சீனர் கம்பெனிகள் மூன்றாக இணைந்தன. அவ்வாண்டு இறுதியில் டிராக்‌ஷன் கம்பெனி மறைந்தது. 1973 ஜூலையில் அம்மூன்றும் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் என ஒன்றாயின.

ஒன்றானதும் குறை தீர்ந்ததா? இல்லை. பல கம்பெனிகளின் பலவகைப் பழைய வண்டிகள் ஒரே கொட்டகைக்கு வந்து சேர்ந்தன; அடிக்கடி பழுதாயின. 1974-இல் அரசு தன் அதிகாரிகளையே அனுப்பி நிர்வாகத்தைச் சீர்செய்யவேண்டியதாயிற்று. பஸ்களுக்கெனத் தனித் தடமும் அவ்வாண்டே வந்தது.

தடம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். பத்து நிமிடத்திற்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால், பயணி சராசரியாக ஐந்து நிமிடம் நிற்பான். முதல் பஸ் நெரிசலில் சற்றுத் தாமதித்தால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடும். அத்தனை பேரையும் ஏற்றுவதில் மேலும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஆளே இராது. விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். இப்படி இரண்டிரண்டாய் வந்தால் இருபது நிமிட இடைவெளி. காத்திருப்பு சராசரி பத்து நிமிடமாகும். வண்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை, காத்திருப்போ இரு மடங்கு! வண்டிகளை மட்டும் எண்ணிச் சேவையை மெச்சுவோர் இதைக் காண்பதில்லை.

2014-இல் நிலப் போக்குவரத்து ஆணையம் இந்த மிகைக் காத்திருப்பையே அளக்க முற்பட்டது. அதைக் குறைத்த நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை, கூட்டியதற்கு அபராதம் என்பது ஏற்பாடு. 2016-இல் பஸ்கள் அரசுடைமையாகத் தொடங்கின. குத்தகைக்கு எடுத்து ஓட்டும் நிறுவனங்களுக்கு அரசு கட்டணம் செலுத்துகிறது.