சதுரங்கப் பொறிகள்: ஓர் ஒப்புநோக்கு

தேர், கரி, பரி, காலாள் என்னும் நால்வகைப் படையை நினைவூட்டுஞ் சதுரங்கம் பாரதநாட்டிற் பிறந்தது. சோழநாட்டுத் திருப்பூவனூரில் இறைவன் சதுரங்க வல்லபநாதர் என்னும் திருநாமத்துடன் எழுந்தருளியிருக்கின்றார். இத்துணைப் பழமை வாய்ந்த ஆட்டத்தில் மனிதனுக்கு எதிரே பொறி வந்தமர்ந்த வரலாற்றை அன்பர்களுடன் சிறிது ஆராய விழைகின்றோம்.

1770ஆம் ஆண்டு வியன்னா அரசவையிற் கெம்பெலன் என்பார் துருக்கியர் உருவங்கொண்ட பொறியொன்றைக் காட்டினார். அது பலரை வென்றது. ஆனால், பெட்டிக்குள் ஆளொருவர் மறைந்திருந்தே ஆடினார்! உள்ளே ஆளின்றி ஆடும் மின்னணுப் பொறி வீடுகளுக்கு வர மேலும் இருநூறு ஆண்டுகள் சென்றன.

1977இல் அமெரிக்காவின் பிடெலிற்றி நிறுவனம் விற்ற 'செஸ் சலெஞ்சர்' அவற்றுள் முன்னோடி. நம் நகர்த்தலைப் பொத்தான்களில் அழுத்தவேண்டும். மறுமொழி விளக்கெழுத்தில் வரும். இருபக்கக் காய்களையும் நாமே நகர்த்தவேண்டும். முதற்பதிப்பில் கட்டங்களைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் இடம்மாறி அமைந்திருந்தன, ஆற்றல்நிலையும் ஒன்றே. அடுத்த வகையில் அப்பிழை நீங்கி, நிலைகள் மூன்றாயின. 1978இல் பத்து நிலைகள் கொண்ட வகையும், 1979இல் பேசும் வகையும் வெளிவந்தன.

பத்து நிலை என்றதும் பத்து மடங்கு அறிவென்று மயங்கலாகாது. நிலை உயரும்போது பொறி பெரும்பாலும் கூடுதல் நேரம் சிந்திக்கின்றது, அவ்வளவே. 1983இல் மில்ரன் பிராட்லி நிறுவனத்தின் 'கிராண்ட்மாஸ்ரர்' காந்தத்தினாற் காய்களைத் தானே நகர்த்தியது. கண்ணுக்கு அது விருந்துதான். ஆயினும் அவ்விந்தைக்கும் ஆட்டவலிமைக்கும் தொடர்பில்லை.

இதற்கு மறுதலையாக நின்றது ஜேர்மனியின் மியூனிக் நகரத்து 'மெபிஸ்ரோ'. அதன் மரப்பலகை மாறாதிருக்க, உள்ளே செருகும் பகுதியை மட்டும் மாற்றலாம். ரிச்சட் லாங் எழுதிய செய்நிரல்கள் உலகப்போட்டி நடந்த நகரங்களின் பெயர்களைத் தாங்கின: 1985இல் ஆம்ஸ்ரடாம், 1986இல் டலஸ், 1987இல் ரோமா, 1988இல் அல்மேரியா. பின்வந்த லியோன், வன்கூவர் ஆகியவை ஒரே பெயருடன் வேகங் குறைந்த, கூடிய சில்லுகளில் விற்கப்பட்டன. ஆகவே பலகையைப் பார்த்தோ பெயரைக் கேட்டோ வலிமையை அளக்க இயலாது. எந்தச் செய்நிரல், எந்தச் சில்லு என்று உள்ளே நோக்குதல் வேண்டும்.

1997இல் 'டீப் புளூ' கணினி உலக வாகையர் கஸ்பரோவை 3½–2½ என வென்றது. இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே அக்காலப் பொறிகளனைத்தையும் வெல்லும். "இனி நாம் ஆடுவதெதற்கு?" என இளைஞர் சிலர் கேட்கின்றனர்.

விடை சென்னையில் உண்டு. 1972இல் மனுவேல் ஆரன் அங்கே தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்திற் சிறுவன் ஆனந்த் விரைவாட்டம் ஆடிப் பழகினார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். வென்றவர் இருக்கையில் நிலைப்பார். பொறிகள் நிலைமேல் நிலை ஏறிய அதே ஆண்டுகளில், மனிதரோடு மோதி வளர்ந்த அச்சிறுவர் 1988இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்ரரானார்.

பொறி நம் பிழையைக் காட்டட்டும்; நன்றியுடன் ஏற்போம். ஆனால் தோற்று எழுந்து, மீண்டும் வரிசையில் நிற்கும் துணிவை மனிதரெதிரே அமர்ந்தே பெறவேண்டும். குருக்கள்மடத்து இளைஞரே, மாலையிற் பலகையை விரியுங்கள். எதிரே ஒரு பெரியவரை அழைத்து அமர்த்துங்கள்!