கடல் நடுவே ஒரு விளக்கு

அணைக்கட்டிலிருந்து நோக்கினால் மலை தெரியும், கடல் தெரியாது. எனினும் ஆவாரம்பட்டையில் பதமிட்ட வடார்க்காட்டுத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்தது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை இரயில் ஓடத் தொடங்கியது. சென்னை சேர்ந்த தோற்கட்டுகள் இலண்டன் சந்தைக்குக் கப்பலேறின. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பயணம் சுருங்கியது. ஆனால், பெருங்கப்பல்களுக்குப் பாம்பன் கால்வாயின் ஆழம் போதாது; அவை இலங்கையைச் சுற்றியே மேற்கே செல்ல வேண்டியிருந்தது. அவ்வழியில், அத்தீவின் தென்கிழக்கே, அலைகளுக்கிடையே தலைகாட்டும் பாறைத்தொடர் ஒன்று உண்டு.

ஆழமற்ற இடத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அதற்குப் 'பாசஸ்' என்னும் பெயர் வந்தது. அப்பகுதி மக்கள் இராவணன் கோட்டை என்பர். 1961-இல் அங்குக் கடலில் மூழ்கிய மைக் வில்சனும் அவருடன் சென்ற இரு சிறுவர்களும் வெள்ளி நாணயக் குவியலைக் கண்டனர். ஔரங்கசீப் காலத்தில், 1702-ஐ ஒட்டி, சூரத்தில் அச்சிட்ட ரூபாய்கள் அவை. நாணயம் எஞ்சியது, அக்கப்பலில் சென்றவர்களின் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை.

இப்பாறைமேல் இரும்புக் கோபுரம் எழுப்ப முதலில் நடந்த முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் ஜேம்ஸ் டக்ளஸ் கருங்கற் கோபுரம் ஒன்றை வரைந்தார். அவர் தம்பி வில்லியம் கட்டுமானத்தை நடத்தினார். ஸ்காட்லாந்தில் அளவு பிசகாமல் செதுக்கிய கற்கள் கப்பலில் வந்தன. கடல் அமைதியுற்ற சில மாதங்களில் மட்டுமே பாறையில் கால் வைக்க முடிந்தது. 1873 மார்ச்சில் 'பெரிய பாசஸ்' விளக்கு ஒளிர்ந்தது. 1878-இல் 'சிறிய பாசஸ்' அதற்குத் துணையாயிற்று.

ஏறத்தாழ 37 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரம் 2004 ஆழிப்பேரலையையும் தாங்கி நின்றது.

அங்கே இரவெல்லாம் விழித்திருந்த காவலர், கடந்துசென்ற கப்பலில் யாருடைய உழைப்பு இருந்தது என அறியார். சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்த நம் தொழிலாளரும் அவ்விளக்கை அறியார். ஒருவரையொருவர் காணாமலே ஒருவர் உழைப்பை மற்றவர் காத்தனர். தோலின் விலையைக் கணக்கேடுகள் குறித்து வைத்தன. அந்த விழிப்பின் விலையை எந்த ஏட்டில் தேடுவோம்?