தக்காண மைச்சித்திரம்

கோல்கொண்டா, பிஜப்பூர் அரசவைகளை ஒட்டி வளர்ந்த தாளோவிய வகை. கரிய மையே இதில் முதன்மை; நீர்த்த வண்ணமும் பொன்னும் ஆங்காங்கே சேரும். முகலாயப் பட்டறைகளில் இம்முறை நீம் கலம் எனப்பட்டது. தொடக்கம் பற்றிய சான்றுகள் குறைவு. ஆயினும் பாரசீகத் தொடர்பு பரவலாக ஏற்கப்படுகிறது: கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாகி அரசர்கள் (1518–1687) ஷியா பிரிவினர், 1591இல் ஹைதராபாத்தை நிறுவிய முகம்மது குலியின் அமைச்சர் மீர் மூமின் ஈரானின் அஸ்தராபாத்திலிருந்து வந்தவர்.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியே இதன் செழிப்பான காலம். காதலால் பித்தான மஜ்னூன், யோகினி, தர்வேசு போன்ற மரபு மாந்தர் திரும்பத் திரும்ப வரையப்பட்டனர். இவை வண்ணம் தீட்டாமல் விட்ட முன்வரைவுகளே என்று சொல்வோர் உண்டு. அதற்கு இடமில்லாமல் இல்லை. ஊசித்துளையிட்ட படியெடுப்புத் தாள்களும், வெள்ளை பூசித் திருத்திய வரைவுகளும் பட்டறைகளில் புழங்கியவைதாம். ஆனால் முன்வரைவுக்கு எவரும் பொன்னைச் செலவிடமாட்டார்கள். தேர்ந்த தாள்களில் இடைக்கச்சையின் ஓரத்தில் பொன்கோடு ஓடும். இதழில் மட்டும் சிவப்பு மெல்லப் படிந்திருக்கும். கன்னத்தின் நிழல் ஒரே பூச்சாக இல்லாமல், நீர்த்த மையில் அணில்முடித் தூரிகை இட்ட நூற்றுக்கணக்கான இழைகளாக இருக்கும். கூடவே அலங்கார விளிம்பு ஒட்டித் தொகுப்பேடுகளிலும் சேர்த்தனர். எலும்பும் தோலுமான குதிரைமேல் ஒருவன் செல்லும் பிஜப்பூர்ச் சித்திரங்கள் இன்னும் வலுவான சான்று. அவற்றில் குதிரையின் உடலே, மற்ற பகுதிகளை மறைத்துவிட்டுப் பளிங்குவரி வண்ணத்தில் தோய்த்து எடுக்கப்பட்டது. முன்கூட்டித் திட்டமிடாமல் இது கைகூடாது. ஏறியிருப்பவன் மஜ்னூனா, துறவியா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. குதிரை அடக்கப்பட்ட உடலாசையைக் குறிக்கிறது என்ற சூஃபி விளக்கம் பொருத்தமாகவே படுகிறது.

இந்தியத் தாளோவியங்கள் ஐரோப்பாவையும் எட்டின. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1656–1661 அளவில் இந்தியச் சிற்றோவியங்களைப் பார்த்து மையாலும் பழுப்புப் பூச்சாலும் வரைந்தவற்றில் இருபதுக்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. மூலங்கள் பெரும்பாலும் முகலாயருடையவை. டச்சு வணிகர்கள் கோல்கொண்டாவின் மசூலிப்பட்டினத் துறைமுகத்தில் நிலைகொண்டிருந்ததால், தக்காணத் தாள்கள் சிலவும் அவர்கள் வழியே அங்கு சென்றிருக்கலாம்.

1687இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவைக் கைப்பற்றியபின் அரசவை ஆதரவு சிதறியது. பின்னர் ஹைதராபாத்தை ஆண்ட ஆசஃப் ஜாகி மரபினர் காலத்தில் முழுவண்ணமே மேலோங்கியது.

ஹைதராபாத்தில் சாலார் ஜங் அருங்காட்சியகம் (1951), ஜகதீஷ்–கமலா மித்தல் அருங்காட்சியகம் (1976) ஆகியவற்றில் தக்காண ஓவியங்கள் உள்ளன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2015இல் தக்காணக் கலைக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது.