விரல்களின் கணக்கு

1936இல் ஆகஸ்ட் துவோராக்கும் வில்லியம் டீலியும் புதிய விசைப்பலகைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் இடக்கை விரல்கள் இயல்பாக அமரும் நடுவரிசைக்கு வந்தன. விரல்களின் அலைச்சல் குறைந்தது. 1956இல் அமெரிக்க அரசுக்காக ஏர்ல் ஸ்ட்ராங் சோதனை நடத்தினார். பழைய ‘குவெர்ட்டி’யில் தேர்ந்த 10 தட்டச்சர்கள் புதியதைப் பழகினர். தினம் 4 மணி நேரம் பயின்றும், பழைய வேகத்தை எட்டவே 25 நாளுக்கு மேலானது. மாற்றம் கட்டுப்படியாகாது என்று முடிவானது.

அன்றைய தட்டச்சர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேகம் கூடினால் லாபம் அலுவலகத்துக்கு. அலைச்சல் குறைந்தால் ஆறுதல் அவர்களுக்கு. எடைபோடப்பட்டது வேகம்தான். வடிவமைத்தவர் பெயரும் மறுத்தவர் பெயரும் வரலாற்றில் நிற்கின்றன. பழகிய விரல்களுக்கு உரியவர்கள் வெறும் எண்ணிக்கையாக எஞ்சினார்கள்.