நூறு நாள் நின்ற கோட்டை ஊர்

1/ எட்டயபுரம், ஒட்டப்பிடாரம் பக்கம் கரிசல் காட்டுல ஒரு ஊரை ரெண்டு தடவை அழிச்சாங்க. ரெண்டாவது தடவை எழுந்து நின்னது நூறு நாள் சொச்சம்தான். பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் கதை உங்களுக்குத் தெரியும். இது அதுக்குப் பிறகு நடந்தது.

2/ 1799 செப்டம்பர்ல பானர்மேன் படை வந்தது. அக்டோபர் 16, கயத்தாறில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. கோட்டையை இடிச்சாச்சு. தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில்.

3/ 1801 பிப்ரவரி 2, ஊமைத்துரை தப்பிச்சார். ஒரு வாரத்துல மேஜர் மெக்காலே படையோட வந்து பார்த்தா, தரைமட்டமாக்கின இடத்துல புதுக் கோட்டை நிக்குது! முழுக்க மண் சுவர். உள்ளே ஏறக்குறைய 1,500 பேர் காவல்.

4/ மார்ச் 31 தாக்குதல்ல கம்பெனி படை தோத்துப் பின்வாங்கிச்சு. மே 24, கர்னல் அக்னியூ கூடுதல் படை, பீரங்கியோட வந்து பிடிச்சார்.

5/ இனிமேதான் என் துறை. அந்தப் போர்ல இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புல எழுதுறார்: களத்துல மகனைத் தேடி ஒரு தாய் வந்தாங்க. உயிர் போகும் நிலையில் மகன், "என்னை விடு, பக்கத்துல கிடக்கிற சாமியைக் காப்பாத்து"ங்கிற மாதிரி சொன்னான். சாமின்னா ஊமைத்துரை. தூக்கிட்டுப் போயிட்டாங்க.

6/ கம்பெனி பக்கம் நின்ன எட்டயபுரம் ஆட்கள் தேடி வந்தாங்க. பெண்கள் அவர் மேல துணியைப் போர்த்தி ஒப்பாரி வச்சாங்க: "பையன் பெரியம்மையில செத்துட்டான்!" வந்தவங்க ஓடியே போயிட்டாங்க.

7/ ஏன் அவ்வளவு பயம்? பெரியம்மை வந்தா சுமார் மூணு பேருக்கு ஒருத்தர் சாவாங்க. பிழைச்சாலும் தழும்பு, சிலருக்குப் பார்வையும் போகும். மருந்து கிடையாது. தடுப்பூசி இந்தியாவுல முதல்ல போடப்பட்டதே 1802 ஜூன்ல, பம்பாய்ல. நோய் எப்படி மிரட்டும்னு அந்தப் பெண்களுக்கு நல்லாத் தெரியும். அதையே கேடயமாக்கிட்டாங்க. அந்தத் தாயோட பேரை வெல்ஷ் எழுதல.

8/ ஊமைத்துரை தேறி, சிவகங்கை மருது சகோதரர்களோட சேர்ந்தார். 1801 நவம்பர் 16, பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டாங்க. கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைச்சாங்க.

9/ இப்போ நீங்க பார்க்கிற கோட்டை 1974ல் தமிழக அரசு கட்டினது. போனா அதுக்கு முன்னாடி செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க. பழைய கோட்டையோட மிச்சம் பக்கத்துலயே தரையோட தரையா இருக்கு. அதையும் நின்னு பாருங்க. பேர் தெரியாத அந்தத் தாயையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.