பெயர் உதிர்ந்த வீரன்: தருமபுரி நடுகல் வழிபாடும் வட்டார அடையாளமும்

தருமபுரிக்கு இரண்டு பழமைகள் உண்டு. ஒன்று ஏட்டில் உள்ளது: தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அவனிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவை. பாடநூலும் மேடைப் பேச்சும் அதியமான்கோட்டையிலுள்ள நினைவுக் கோட்டமும் போற்றுவது இந்தப் பழமையை. மற்றொன்று ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் கொல்லைமேட்டிலும் நிற்கிறது: மாண்ட வீரனுக்காக நட்டு, எண்ணெய் ஏறிக் கறுத்த நடுகல். ஊரார் அதை வேடியப்பன் என்பார்கள். இவ்வட்டாரத்து மக்களின் பண்பாட்டு அடையாளத்தை வளர்த்ததில் இரண்டாவதன் பங்கே பெரிது என்பது என் துணிபு. அந்த வீரனின் வரலாறு மறந்துபோன பிறகும் அவனுக்குச் செய்யவேண்டியதை மக்கள் விடவில்லை; அடையாளம் அங்கேதான் வேர்கொண்டது.

இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இப்பகுதியில் ஊர் ஊராகத் தேடி நடுகற்களைப் படியெடுத்தது. அண்டைப் பகுதியைப் பற்றிய 'செங்கம் நடுகற்கள்' 1972இல் வெளிவந்தது. தருமபுரிக் கல்வெட்டுகளும் தொகுக்கப்பட்டன. பழைய கற்களில் பலவற்றின் எழுத்து வட்டெழுத்து. வாசகம் சுருக்கமானது, ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தது: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தலைவனின் சேவகன், எந்த ஊர்த் தொறு கவரப்பட்டது, அதை மீட்கையில் பட்டவன் பெயர் என்ன. தொறு என்பது மாட்டு மந்தை. அரசர்கள் பல்லவராகவோ கங்கராகவோ நுளம்பராகவோ இருக்கலாம். ஆள்பவர் மாறினாலும் கல் நடும் காரணம் பெரும்பாலும் மாறவில்லை. மேய்ச்சல் நிலத்தில் மாடே செல்வம். அதைக் காத்து மாண்டவனுக்கு ஊர் கடன்பட்டது.

பழமையான கற்களில் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். வீரன் ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளும் ஏந்தி, காலைப் பெயர்த்துவைத்துப் பாயும் நிலையில் நிற்கிறான். சிலவற்றில் அம்பு உடலில் தைத்திருக்கும். காலருகே கெண்டி போன்ற சிறு கலங்கள். எழுத்து தலைக்கு மேலும் பக்கத்திலும் நெளிந்து ஓடுகிறது. வழிபாட்டில் உள்ள கல்லானால் இவற்றில் பாதி கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், சந்தனம், குங்குமம், இடுப்பில் கட்டிய வேட்டி. எதிரே சூலம், சில இடங்களில் மண்குதிரை. பொங்கல் வைத்து, நேர்ந்துவிட்ட ஆட்டையோ கோழியையோ அறுத்து, பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்திப் போகிறவர்களிடம், இந்த வீரன் யார், எந்தப் பூசலில் பட்டான் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. ஆனால் மாடு கன்றுக்கு நோய் வராமல் காப்பவன் அவன்தான் என்று தயங்காமல் சொல்வார்கள்.

இந்தப் பதிலை அறியாமை என்று ஒதுக்கும் ஆய்வாளர்கள் உண்டு. நான் உடன்படவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மந்தையைக் காத்தவன் இன்றும் மந்தையைக் காக்கிறான். உதிர்ந்தவை பெயரும் தேதியும். அவன் ஆற்றிய தொழில் உதிரவில்லை. தென்கோடித் தமிழகத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையின் நாயகனும் மாட்டைக் காக்கப் போராடி மாண்டவன்தான். அவன் பெயரையும், பொம்மக்கா, திம்மக்கா என்ற மனைவியரையும் வில்லுப்பாட்டு காத்து வைத்திருக்கிறது. சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக அவன் செருப்புக் காணிக்கை பெறுகிறான். அங்கே வரலாற்றைச் சுமந்தது பாட்டு. இங்கே அதைச் சுமந்தது கல். பாட்டைக் கேட்பதற்குப் படிப்பு தேவையில்லை. வட்டெழுத்து வழக்கொழிந்ததும் கல் வாய் மூடிக்கொண்டது. வழிபாடு மட்டும் தொடர்ந்தது.

சமூக நினைவு எழுத்துப் பதிவாலும் உடல்வழிச் சடங்காலும் காக்கப்படுவதாக ஆய்வாளர் பால் கானர்டன் 1989இல் விளக்கினார். தருமபுரி நடுகல்லில் இவ்விரண்டும் ஒரே பொருளில் கூடியிருக்கின்றன; ஒன்றை ஒன்று மூடவும் செய்கின்றன. எழுத்தை மறைக்கும் எண்ணெய்க்காப்புதான் கல்லைப் படிக்கல்லாகவும் துவைகல்லாகவும் ஆகவிடாமல் காத்தது. ஔவையின் சொல்லும் இங்கே சான்று. அதியமான் மறைந்தபின் அவனுக்கும் கல்தான் நடப்பட்டது. மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் ஊற்றும் கள்ளை அவன் ஏற்பானா என்று அவள் கலங்குவதைப் புறநானூற்றின் 232ஆம் பாடலில் காண்கிறோம். ஏட்டின் அதியமானும் மரத்தடி வேடியப்பனும் ஒரே மரபின் இரு முனைகள். தொல்காப்பியம் கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை வகுத்த படிகளில் கடைசியானவை இன்றும் நடக்கின்றன.

இந்த மரபு வகுத்த எல்லை அரசு வகுத்த எல்லைக்குள் அடங்காது. தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனியே போனது. வேடியப்பன் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களிலும் இருக்கிறான். அங்கெல்லாம் பிள்ளைகளுக்கும் அவன் பெயரை இடுகிறார்கள். கன்னட நாட்டின் வீரக்கற்களோ இன்னும் தொலைவுக்குப் பரந்தவை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் இம்மண்ணில், ஒரு மொழியின் எழுத்துக்குள்ளும் அடங்காத தெய்வம் எல்லோருக்கும் பொதுவாக நிற்க முடிந்தது. அண்மைக்காலத்தில் சிலர் இவ்வீரர்களைத் தம் சாதியின் முன்னோர் என்று உரிமை கொண்டாடத் தொடங்கியிருப்பது இந்தப் பொதுமைக்கு ஊறு. வாசகங்களில் முன் நிற்பவை ஊர், தலைவன், சேவகன் என்ற உறவுகளே. அவற்றிலிருந்து இன்றைய சாதிப் பட்டியலை வருவிப்பது ஆய்வு ஆகாது.

பாதுகாப்பு பற்றியும் ஒரு சொல். தருமபுரி அகழ்வைப்பகத்தில் கூடியுள்ள நடுகற்கள் ஆய்வாளருக்குப் பெருஞ்செல்வம். கைவிடப்பட்ட கற்களுக்கும், சாலை விரிவாக்கத்திலும் மனைப் பிரிப்பிலும் சிக்கிய கற்களுக்கும் அதுவே தக்க இடம். வழிபாட்டில் உள்ள கல்லுக்கு அந்த விதி பொருந்தாது. பெயர்த்தெடுத்தால் கல் மிஞ்சும், சடங்கு அறுந்துபோகும். இன்னொரு பக்கம், ஊர்க்காரர்களே பழைய கல்லை ஓரத்தில் சாய்த்துவிட்டுச் சிமென்ட் சிலை வைத்து, தரைக்கு ஓடு பதிப்பதும் நடக்கிறது. பக்தியால் செய்வதுதான், ஆனால் அதில் கல்லே போய்விடுகிறது.

தொல்லியல் துறையும் உள்ளூர்க் கல்லூரிகளும் செய்யவேண்டியது கைக்கு எட்டிய வேலைதான். ஊராரின் ஒப்புதலோடு, திருவிழாவுக்கு முன் கல்லைத் துடைக்கும் நாளில் சென்று படியெடுங்கள். வாசகத்தை இன்றைய தமிழில் எழுதி அதே மரத்தடியில் பலகையாக வையுங்கள். தாம் கும்பிடும் வீரனின் பெயரை அறியும் உரிமை அவ்வூராருக்கே முதலில் உண்டு.